ஆடிக் குளிரும் ஒன்றேகால் டன் விறகும்

மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் கோடாரிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தென்னாப்பிரிக்காவில் விறகு பிளக்கிறாயா, அங்கே வெயில்தானே கொளுத்தும் என்று ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். டர்பன் கடற்கரைக்கு அது சரி. நாங்கள் இருப்பது பீட்டர்மரிட்ஸ்பர்க், டர்பனிலிருந்து எண்பது கிலோமீட்டர் உள்ளே, கடல் மட்டத்துக்கு அறுநூறு மீட்டர் மேலே, சுற்றிலும் குன்றுகள் இருக்க நடுவே சட்டியின் அடியில் கிடப்பதுபோல் கிடக்கிற ஊர். ஜூன், ஜூலையில் பகலெல்லாம் இதமான வெயில், பொழுது சாய்ந்ததும் குப்பென்று இறங்கி ராத்திரி நான்கு ஐந்து டிகிரிக்கு வந்துவிடும், பள்ளமான இடங்களில் விடிகாலைப் புல்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் இருக்கும். 1893 ஜூன் 7ஆம் தேதி ராத்திரி காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊரில்தான். அன்றைக்கு அவருடைய மேல்கோட்டு ரயில்காரர்கள் எடுத்து வைத்துக்கொண்ட பெட்டிக்குள் இருந்தது, அவர் விளக்கில்லாத காத்திருப்பு அறையில் விடிய விடிய நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இந்தக் குளிர் எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இங்கே ஒரு ஜூன் மாதம் கழிந்த பிறகுதான் உறைத்தது.

2021 டிசம்பரில் இந்த வீட்டை வாங்கினோம். டிசம்பர் என்றால் இங்கே நடுக்கோடை. நூறு வயது தாண்டிய செங்கல் வீடு, நெளிதகரக் கூரை, முன்னால் வராந்தா, பலகைத் தரை, பன்னிரண்டு அடி உயரத்தில் உட்கூரை. "காற்றோட்டம் பிரமாதம்" என்று நான்தான் சொன்னேன். அந்தக் காற்றோட்டம் ஜூனில் என்ன செய்யும் என்று பரமக்குடியில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்? என் மனைவி கோத்தகிரிக்காரி. அவள் ஒன்றும் பேசாமல் அறை அறையாகப் போய் சுவரில் விறகு எரித்துக் குளிர்காயக் கட்டியிருந்த கணப்புகளை எண்ணிக்கொண்டு வந்தாள். நான்கு. "ஏங்க, ஒரு வீட்டுல நாலு கணப்பு கட்டியிருக்காங்கன்னா சும்மாவா கட்டியிருப்பாங்க?" என்றாள். அழகுக்குக் கட்டியிருப்பார்கள் என்றேன்.

முதல் குளிர்காலத்தில் அந்தப் பழைய திறந்த கணப்பிலேயே விறகை அடுக்கிக் கொளுத்தினேன். பார்க்க ஜோராக இருந்தது. முகம் வெந்தது, முதுகு விறைத்தது. திறந்த கணப்பில் எரிகிற விறகின் சூட்டில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான் அறைக்குக் கிடைக்கும், மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை, அது மேலே இழுத்துக்கொண்டு போகிற காற்றுக்கு ஈடாக வெளியிலிருந்து புதுக் குளிர் காற்று பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக உள்ளே வரும். அதாவது நெருப்பு எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக எரிகிறதோ அவ்வளவுக்கவ்வளவு பக்கத்து அறை குளிரும். விறகு செலவழித்துக் குளிரை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தோம்.

மின்சார ஹீட்டர் இரண்டு வாங்கினோம். அப்புறம் லோட் ஷெட்டிங். 2022, 2023 இரண்டும் இங்கே யாரும் மறக்க மாட்டார்கள், மோசமான நாட்களில் இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரம்வரைகூடக் கரண்ட் இல்லாமல் இருக்கும், அதுவும் சரியாக சாயங்காலம் குளிர் இறங்குகிற நேரத்துக்குப் போகும். இரும்பு அடுப்பு வைப்பது என்று முடிவு செய்தது அப்படி ஒரு சாயங்காலத்தில், நான், மனைவி, மகள் மூன்று பேரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் தயிர்சாதம் சாப்பிட்டபோது. (தயிர்சாதம்! அன்றைக்கு யார் யோசனை அது என்று இன்னும் சண்டை போடுகிறோம்.)

வாங்கியது வார்ப்பிரும்பு அடுப்பு, முன்னால் கண்ணாடிக் கதவு, எட்டு கிலோவாட். கதவை மூடிவிட்டால் உள்ளே போகிற காற்று நம் கையில் இருக்கிறது, அதனால் எரிகிற சூட்டில் பத்தில் ஏழு பங்கு அறைக்கு வரும். அறுபது வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்றிக் கட்ட வேண்டுமென்றால் மாகாணத்தின் மரபுக் காப்பு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று 1999ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கான எழுத்துவேலையெல்லாம் முடித்து, பழைய செங்கல் புகைபோக்கிக்குள்ளேயே துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை மேலிருந்து கீழே இறக்கினோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு செங்கல் நகரவில்லை. இந்தக் குழாய் வேலையில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நூறு வருடத்துச் சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த புகைபோக்கியில் எந்த விரிசல் வழியாக நெருப்பு உத்தரத்தைப் போய்த் தொடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விறகைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா வீட்டில் சீமைக்கருவேல விறகில் மூன்று வேளையும் சமைத்துப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் அங்கே நெருப்பு சட்டிக்கு, சுற்றிப் பரவுகிற சூடு வேண்டாத வரும்படி, அடுப்படியிலிருந்து எப்போதடா வெளியே ஓடலாம் என்றிருக்கும். இங்கே அந்த வேண்டாத வரும்படிக்காகத்தான் இத்தனை பாடும். ரோட்டோரத்தில் ஒரு ஆளிடம் ஒரு பக்கி லோடு விறகு வாங்கினேன் (பின்னால் தொட்டி வைத்த சின்ன வண்டியை இங்கே பக்கி என்பார்கள்). நல்லாக் காய்ஞ்சது சார் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார். பட்டையைப் பார்த்ததும் மனைவி, "இது எங்க ஊர் சீகை மரம்" என்றாள். அதேதான். நீலகிரியில் சீகை என்கிற மரம் இங்கே வாட்டில். வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கேயும் கொண்டுபோனார்கள், இங்கேயும் கொண்டுவந்தார்கள். எங்கள் ஊர் இருக்கிற நட்டால் பகுதிக்கு 1864இல் ஜான் வாண்டர்பிளாங்க் என்பவர் விதை கொண்டுவந்து கேம்பர்டவுன் பக்கம் நட்டார், இங்கிருந்து அரைமணி நேர வழிதான் அது. பட்டையில் தோல் பதனிடுகிற சத்து இருப்பது தெரிந்ததும் மலைமலையாகத் தோட்டம் போட்டார்கள். இப்போது அது ஓடைக்கரையெல்லாம் பரவித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அந்நிய மரப் பட்டியலில் சேர்த்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வீடு தள்ளி ஒரு அங்கிள் இருக்கிறார், எழுபது தாண்டியவர். இங்கேயே ஐந்தாறு தலைமுறையாக இருக்கிற தமிழர். லாங்மார்க்கெட் தெரு என்று பழையவர்கள் இன்னும் சொல்கிற தெருவில் உள்ள சுப்பிரமணியர் மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் குட் ஃபிரைடே அன்றைக்குத் தீமிதி நடக்கும், அதற்கு விறகு அடுக்குகிற கூட்டத்தில் முப்பது வருடமாக நிற்கிறவர். அவரிடம் வாட்டில் கதையைச் சொன்னேன். சிரித்தார். "நம்ம ஆளுங்க மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வந்து எறங்கினது 1860. மரம் வந்தது நாலு வருஷம் பின்னால. நமக்கே 1961லதான் நீங்க இந்த நாட்டு ஆளுங்கன்னு சொன்னாங்க தம்பி. மரத்துக்கு இன்னும் பேப்பர் வரலே."

அவர்தான் என் அடுப்பைப் பார்க்க வந்தார். கதவைத் திறந்து பத்து விநாடி காது கொடுத்துக் கேட்டார். "தண்ணி இருக்கு தம்பி. பாடுது பாரு." உண்மைதான், கட்டையின் வெட்டுமுனையில் நுரை கட்டி உஸ் உஸ் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அதை நெருப்பின் இயல்பான சத்தம் என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிறு எரியும். பச்சை விறகில் பாதி எடை தண்ணீர். பத்துக் கிலோ விறகு போட்டால் அதில் ஐந்து லிட்டர் தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து ஆவியாக்கி வெளியே அனுப்ப வேண்டும், லிட்டருக்கு ஏறக்குறைய முக்கால் யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு அதற்கே போய்விடும். அதைவிட மோசம், நெருப்பு தணிந்து போவதால் விறகிலிருந்து கிளம்புகிற வாயுக்கள் எரியாமலே புகையாக மேலே போய், குழாயின் குளிர்ந்த பக்கத்தில் பட்டுத் தார் மாதிரி படியும். விறகு எரிகிறது என்று நாம் சொல்கிறோமே, எரிவதில் பாதிக்கு மேல் இந்த வாயுதான், கட்டை இல்லை. அடுப்பு நல்ல சூட்டில் இருந்தால்தான் அது பற்றும். ஈரம் இருபது சதவீதத்துக்குக் கீழே வந்த விறகில் கிலோவுக்கு நான்கு யூனிட் சூடு இருக்கிறது. எங்களுக்கு ஒரு சாயங்காலத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ செலவாகும், மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடிய நூறு சாயங்காலம், ஆக ஒன்றேகால் டன். பச்சை விறகென்றால் அதுபோல இரண்டு மடங்கு வாங்கினாலும் குளிரும், கண்ணாடியும் கறுக்கும்.

கறுத்தது கண்ணாடி மட்டுமில்லை. அந்த ஆகஸ்டில் ஒரு ராத்திரி, கையில் கிடைத்த கொஞ்சம் காய்ந்த பலகையைப் போட்டு அடுப்பை முழுக்கத் திறந்துவிட்டேன். குழாயில் படிந்திருந்த தார் பற்றிக்கொண்டது, சுவருக்குள் ரயில் வருகிற மாதிரி ஒரு உறுமல். வெளியே ஓடிப் பார்த்தால் புகைபோக்கி உச்சியில் தீப்பொறி மத்தாப்பு மாதிரி. காற்றுத் திறப்புகளை எல்லாம் அடைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றோம். பத்து நிமிடத்தில் அடங்கியது. புது எஃகுக் குழாய் தாங்கியது, பழைய செங்கல் மட்டும் இருந்திருந்தால் தெரியாது. மறுவாரம் சுத்தம் பண்ண வந்தவர் பிரஷை விட்டு ஒரு வாளி நிறைய பளபளவென்று கறுப்புச் செதில் எடுத்தார். இப்போது வருடத்துக்கு ஒரு தடவை, ஏப்ரலில், தவறாமல் கூப்பிடுகிறேன். கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சு வாயு இருந்தால் கத்துகிற கருவி ஒன்றும் சுவரில் இருக்கிறது, அது இல்லாமல் ஒருவரும் மூடிய அறையில் அடுப்பு எரிக்கக் கூடாது.

விறகை இப்போது ஒரு வருடம் முன்னதாகவே வாங்கிவிடுகிறோம். பிளக்காத உருட்டுக் கட்டை காயவே காயாது, பட்டை தண்ணீரை விடாது, அதனால் வந்த வாரமே பிளந்து, தரையில் படாமல் மேல் மட்டும் தகரம் மூடி அடுக்க வேண்டும், பக்கவாட்டில் காற்று போக வேண்டும். இங்கே மழை கோடையில், குளிர்காலம் வறட்சி, அது நமக்கு சாதகம். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு துண்டைத் தட்டினால் போதும், காய்ந்தது டங்கென்று மணி மாதிரி பேசும், ஈரமானது பொத்தென்று. வாட்டில் தவிர, கடைகளில் மூட்டையில் வருகிற சீக்கெல்பாஸ் என்கிற முள்மர விறகும் கொஞ்சம் வாங்குவோம், இரும்பு மாதிரி கனம், தணல் விடிய நிற்கும். அதன் பூவை ஒருநாள் படத்தில் பார்த்தேன், பாதி ஊதா பாதி மஞ்சள். நம்ம விடத்தேரை! எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஆடு கடிக்கிற அதே விடத்தேரை. வீட்டில் எனக்கும் ஒரு மரம் அடையாளம் தெரிந்த நாள் அது.

2023இல் அம்மா வந்தார்கள், ஜூலையில். "ஏண்டா, ஆடியில காத்துதான அடிக்கும், இதென்னடா குளிரு?" என்று விமான நிலையத்திலேயே ஆரம்பித்தார்கள். ஆடியில் இங்கே மாரியம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள், ஆங்கிலத்தில் பாரிஜ் பிரேயர் என்று பெயர். கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டருமாக ஜனம் வரிசையில் நின்று கூழ் வாங்குவதை அம்மா வாயைப் பிளந்து பார்த்தார்கள். அடுப்பு விஷயத்தில் அவர்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. நான் பெரிய கட்டையை அடியில் வைத்து, அதன்மேல் சின்னது, உச்சியில் சுள்ளி வைத்து மேலேயிருந்து பற்றவைப்பேன், நெருப்பு மெல்ல இறங்கும், கிளம்புகிற புகை மேலே உள்ள தீயைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் எரிந்துவிடும். "தலைகீழா வச்சுக் கொளுத்துறான் பாரு" என்று அம்மா ஊதுகுழல் கேட்டார்கள். மூடிய அடுப்பில் ஊதுகுழலுக்கு வேலை இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால் நாங்கள் ஒரு வருடமாகக் கண்டுபிடிக்காத ஒன்றை அம்மா மூன்றாம் நாளே கண்டுபிடித்தார்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்காது, இரண்டு நாள் வைத்தாலும் கல் மாதிரி கிடக்கும். அம்மா தூக்குச்சட்டியை அடுப்புக்கு நான்கடி தள்ளி ஒரு முக்காலியில் வைத்தார்கள். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. அதிலிருந்து அந்த முக்காலி அங்கேயேதான் இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகும் வீடு சூடாகவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எட்டு கிலோவாட் அடுப்பு ஆறு அறை வீட்டைச் சூடாக்கும் என்று நம்பி எல்லாக் கதவையும் திறந்து வைத்திருந்தேன். அங்கிள் சின்ன வயதில் நார்த்டேலில் வளர்ந்தவர், நகரின் நடுவில் இருந்த இந்தியக் குடும்பங்களை நிறவெறிக் காலத்துக் குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் பெயரில் அள்ளிக்கொண்டுபோய்ப் போட்ட இடம் அது. இந்தத் தெருவில் அன்றைக்கு அவர் வீடு வாங்கவே முடியாது. அவர் வீட்டில் இருந்தது டோவர் அடுப்பு ஒன்றுதான், சமையலறையில், நிலக்கரி போடுவது. ஒன்பது பேரும் குளிர்காலம் முழுக்க அந்த ஒரு அறையில்தான் இருந்தார்களாம், பாடம் படிப்பது, துணி காயப்போடுவது, சண்டை எல்லாம். "வெள்ளைக்காரன் கட்டின வீடு தம்பி, அவனுக்கு நாலு கணப்புக்கும் விறகு போட ஆள் இருந்தது. உனக்கு யாரு இருக்கா? கதவைச் சாத்து."

சாத்தினோம். முதலில் உட்கூரைக்கு மேலே கம்பளி மாதிரி வருகிற பஞ்சுப் பட்டையை விரித்தோம், தகரக் கூரைக்கும் நமக்கும் நடுவே அதுவரை ஒன்றுமே இல்லை, அந்த வேலைதான் அடுப்பைவிட முதலில் செய்திருக்க வேண்டியது. நடைவழியில் கனமான திரை. தரை இடுக்குகளில் கயிறு. அப்புறம் ஒரு ராத்திரி வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், கால்மாட்டில் பதினாறு, ஏணியில் ஏறி உட்கூரை அருகே முப்பது. பன்னிரண்டு அடி உயரத்தில் பல்லிக்குத்தான் சூடு போய்க்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒரு சீலிங் ஃபேன் இருக்கிறது, பரமக்குடிக்காரன் வீட்டில் ஃபேன் இல்லாமலா? அதைத் திருப்பிச் சுற்ற வைக்கிற சின்ன சுவிட்ச் மேலே இருக்கும், மெதுவாக எதிர்த்திசையில் ஓடவிட்டால் மேலே தேங்கின சூடு சுவரோரமாகக் கீழே இறங்கும். குளிருக்கு ஃபேன் போடுகிற குடும்பம் என்று மனைவி கேலி செய்தாள். கால்மாட்டில் மூன்று டிகிரி ஏறியது.

இப்போது மே கடைசியில் நாங்கள் அந்த ஒரு அறைக்குக் குடிபோகிறோம். சாப்பாட்டு மேசை, மகளின் புத்தகங்கள், மூன்று மெத்தை, இட்லி மாவு. மிச்ச ஐந்து அறைகளுக்குள் போக வேண்டுமென்றால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியூர் போகிற மாதிரி போய் வருவோம்.

இதில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கிறது, மறைப்பானேன். இந்த ஊர் சட்டிக்குள் இருப்பதால் குளிர்கால ராத்திரிகளில் மேலே சூடான காற்று மூடிபோட்டு, எல்லார் வீட்டுப் புகையும் கீழேயே நிற்கும். காலையில் மலைமேலிருந்து பார்த்தால் ஊர் தெரியாது. காய்ந்த விறகு, நல்ல சூடான நெருப்பு, ராத்திரி முழுக்கக் காற்றை அடைத்துப் புகைய விடாமல் இருப்பது, இவ்வளவுதான் நம்மால் முடிந்தது. பெர்க் காற்று அடிக்கிற நாளில் கொளுத்துவதே இல்லை. மலைப்பக்கமிருந்து இறங்குகிற வறண்ட சூடான காற்று அது, நடுக்குளிர்காலத்தில் திடீரென்று முப்பது டிகிரி காட்டும், மறுநாள் சட்டென்று குளிர் திரும்பும். அன்றைக்குப் புகைபோக்கி இழுக்காது, புகை அறைக்குள் திரும்பும், பொறி பறந்தால் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும்.

2024இல் ஒரு தப்புப் பண்ணினோம். செப்டம்பர் வந்ததும் குளிர் போயிற்று என்று மிச்ச விறகை அங்கிள் பேத்தி பிறந்தநாள் பிராய்க்கு, அதான் கறி சுடுகிற விருந்துக்கு, கொடுத்துவிட்டோம். செப்டம்பர் 20, 21இல் மேலே வான் ரீனன் கணவாய்ப் பக்கம் கொட்டின பனியில் ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையே மூடிக் கிடந்தது, எங்கள் ஊரில் பனி விழாவிட்டாலும் அதன் மூச்சு இறங்கியது. கொல்லையில் பழைய வேலிக் கம்பங்கள் கிடந்தன, லேசான பச்சை நிறம். ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது அங்கிள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து போட்ட சத்தத்தில் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டேன். கரையான் அரிக்காமல் இருக்க அந்தக் கம்பங்களில் செம்பும் ஆர்செனிக்கும் ஏற்றியிருப்பார்கள், எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக். பெயின்ட் அடித்த பலகையும் அப்படித்தான், கூடாது. அன்றைக்கு மூட்டை விறகு வாங்கப் போய் நான்கு கடை ஏறி இறங்கினேன்.

இந்த வருடம் புதுச் சிக்கல். மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. ஒரே அறையில் படுக்க மாட்டாளாம், அவளுக்கு அவள் அறை வேண்டுமாம், அங்கேயும் ஒரு அடுப்பு வைக்க முடியாதா என்று கேட்கிறாள். அவள் அறையில் கணப்பு இருக்கிறது, புகைபோக்கி பல வருடமாக அடைத்துக் கிடக்கிறது. நேற்று ஏணி போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மைனாக் கூடு, அதுவும் நம்ம ஊரிலிருந்து டர்பனுக்கு வந்து பரவின மைனாதான், குஞ்சு பறந்து போய்க் கூடு காலியாக இருந்தது. கையை விட்டு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஒரு கூடை நிறையச் சுள்ளி, நடுநடுவே பிளாஸ்டிக் தாளும் ஒரு சாக்லேட் உறையும். பிளாஸ்டிக்கைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சுள்ளியை அடுப்பு பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இரண்டு குச்சியைத் தட்டிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருக்கிறது.